வெண்குறிஞ்சி: பனிச்சறுக்கு விடுமுறைத் திட்டமியல் குறித்து ஒரு முன்னாய்வு

பனிமலையில் சறுக்குவது எப்படி என்று சொல்லித்தர ஐரோப்பிய மொழிகளில் அலமாரி கொள்ளாத நூல்கள் இருக்கின்றன. சறுக்கப் போவதாகத் திட்டமிடுவது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு துண்டறிக்கையைக்கூட நான் கண்டதில்லை. சறுக்குவது ஆறு நாள். அதற்குத் திட்டமிடுவது எட்டு மாதம். எட்டு மாத உழைப்பைக் கண்டுகொள்ளாமல் ஆறு நாள் கேளிக்கையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்கும் மேலைநாட்டு அறிஞர்களின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்காது. குறை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும். முனைவர் பட்டத்துக்கு அதுவே போதும் என்று கேள்வி.

ஆய்வுக்களம், சுவிட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாண்டில், லவுட்டர்புருனன் பள்ளத்தாக்குக்கு மேலே பாறை விளிம்பில் குந்தியிருக்கும் மியூரன் என்னும் கிராமம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,640 மீட்டர். ஊருக்குள் கார் கிடையாது. எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் என மூன்று சிகரங்கள், பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆய்வுக்காலம் ஒரு சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை. ஆய்வுக்குழுவில் ஆறு பேர்: நான், என் மனைவி, பெர்ன் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கும் என் கல்லூரித் தோழன், அவன் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சறுக்கத் தெரியும் என்பதால் ஆய்வுக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை.

பெயரும் பிறப்பும்

ஸ்கீ என்ற சொல் பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்கீத்' என்பதிலிருந்து வந்தது. பிளந்த மரத்துண்டு என்று பொருள். விறகைக் காலில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவது என்ற அளவில் சொல்லும் செயலும் பொருந்திப் போகின்றன. ஆனால் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இந்த வரலாற்றை ஏற்கவில்லை. சறுக்கு, சுக்கு, ஸ்கீ என்று மூன்றே படியில் முடித்துவிட்டார். "நடுவில் வரும் சுக்கு வேறு இடத்தில் வேலையாக இருக்கிறதே ஐயா" என்றேன். "பனிக்குப் போகிறவனுக்குச் சளி பிடிக்காதா? அப்போது சுக்கு வேண்டாமா?" என்றார். மொழியியல் இத்துடன் நிறைவுறுகிறது.

தமிழ்நிலத் தொடர்பு வேறொரு வழியில், மறுக்க முடியாதபடி இருக்கிறது. இன்று ஒலிம்பிக்கில் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குகிறார்களே, அந்த ஸ்லாலம் போட்டிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் ஆர்னால்டு லன் என்னும் ஆங்கிலேயர். இடம் இதே மியூரன், ஆண்டு 1922. அதற்கு முன்னெல்லாம் வளைந்து திரும்புவதன் அழகுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். லன், அழகைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையில் கடிகாரத்தை எடுத்தார். இவருடைய தந்தை ஹென்றி லன், மதப்பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர். பின்னர் ஊர் திரும்பிப் பயண முகவராகி, ஆங்கிலேயர்களைக் கூட்டம் கூட்டமாகக் குளிர்கால ஆல்ப்ஸுக்கு அனுப்பிவைத்தார். மகன் ஆர்னால்டு பிறந்தது 1888 ஏப்ரல் 18-ஆம் தேதி. பிறந்த ஊர் சென்னை.

ஏப்ரல் மூன்றாம் வாரம். சென்னை. மின்விசிறி வராத காலம். பங்கா இழுப்பவர் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தால் அந்தக் குழந்தையின் மனதில் என்ன பதிந்திருக்கும்? வாழ்நாள் முழுவதும் அது பனியைத் தேடி அலைந்ததற்கு வேறு விளக்கம் தேவையா?

இன்னொரு சான்றும் உண்டு. 1911-இல் சுவிட்சர்லாந்தின் மொந்தானாவில் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தது. கோப்பை கொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. ஆப்கானியப் போரில் 1880-இல் காந்தஹாருக்குப் படை நடத்திப் போனவர். பட்டத்திலேயே அந்த ஊரை வைத்துக்கொண்டவர். கோப்பையின் பெயரும் காந்தஹார் ஆயிற்று. 1924-இல் மியூரனில் ஆர்னால்டு லன் தொடங்கிய பனிச்சறுக்குச் சங்கத்தின் பெயரும் காந்தஹார். ஆல்ப்ஸ் மலையில் எதற்கு ஓர் ஆப்கானிய ஊர் என்று வியக்கும் பயணிக்கு இதுதான் விடை. இந்த ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை எந்தப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தார்? சென்னைப் படைக்கு. சான்றுகளை இத்துடன் நிறுத்துகிறேன். இன்னும் ஒன்று கிடைத்தால் நம்மவர்கள் மெரினாவில் சிலை வைத்துவிடுவார்கள்.

திணை

நம் இலக்கணிகள் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது உறைபனி மூடிய மலையைக் கணக்கில் எடுக்கவில்லை. நம்முடைய பனி, புல்நுனியில் உட்கார்ந்து காலை எட்டு மணிக்குள் விடைபெற்றுக்கொள்ளும் நாகரிகமான பனி. ஆல்ப்ஸ் பனி டிசம்பரில் வந்து ஏப்ரல் வரை எழுந்திருக்காத விருந்தாளி. இந்நிலத்தை எத்திணையில் அடக்குவது?

மலை என்பதால் குறிஞ்சி என்று சொல்லிவிடலாம். பெரும்பொழுதும் இடம் கொடுக்கிறது. முன்பனிக்காலம் குறிஞ்சிக்கு உரியது. ஆனால் சீசனின் பின்பாதி, அதாவது மாசியும் பங்குனியும், பின்பனிக்காலம். அது பாலைக்கும் உரியது என்பது தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிதல். பிப்ரவரி மாத அறை வாடகையைக் கட்டியவர்கள் இந்த விதியின் நுட்பத்தை உணர்வார்கள். நாங்களும் உணர்ந்தோம், பொருள் எங்களைப் பிரிந்தது.

மேலும் நுணுகினால் ஐந்து திணையும் ஒரே விடுமுறையில் வந்து போவது தெரிகிறது. எந்த ஊருக்குப் போவது என்ற பேச்சு ஜூன் மாதம் தொடங்கியது. மாட்டர்ஹார்ன் சிகரத்தின் படம் பழைய நாள்காட்டி ஒன்றில் எங்கள் வீட்டில் தொங்குவதால் அதன் அடிவாரத்திலுள்ள செர்மாட்டுக்குத்தான் போகவேண்டும் என்றாள் மனைவி. மியூரனில் கூட்டம் குறைவு என்றான் தோழன். நான் இரண்டையும் வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டு வரை வீட்டில் நிலவியது மருதம், அதாவது ஊடல். லிஃப்டுக்காக வரிசையில் நின்றது முல்லை, அதாவது இருத்தல். முதல் நாள் தொடக்கநிலைச் சரிவில் நான் எழுப்பிய ஓசைகள் நெய்தலுக்குரிய இரங்கலில் அடங்கும். எஞ்சியிருப்பது குறிஞ்சியின் சொந்த உரிப்பொருளான புணர்தல். ஆறு பேர், இரண்டு அறை, ரேடியேட்டர் மேல் காயும் பன்னிரண்டு கையுறை என்ற சூழலில் அதைப் பற்றித் தரவு எதுவும் கிடைக்கவில்லை.

கருப்பொருள்களை விரைந்து சொல்லிவிடலாம். புள்: மஞ்சள் அலகுடைய ஆல்ப்ஸ் காகம், மேல்நிலையத்து உணவக மேசைகளில் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் காத்திருக்கும். உணவு: பாலாடைக்கட்டி, அதன்மேல் பாலாடைக்கட்டி. விலங்கு: மார்மட் என்னும் மலை அணில் இனம். இது செப்டம்பர், அக்டோபருக்குள் வயிறாரத் தின்றுவிட்டு, குடும்பத்தோடு வளைக்குள் போய், வாயிலை மண்ணாலும் புல்லாலும் அடைத்துக்கொண்டு வசந்தம் வரை தூங்கிவிடும். மலையிலேயே பிறந்து வளர்ந்த உயிர் குளிர்காலத்துக்கு இப்படித்தான் திட்டமிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலம்

குளிர்காலத்தில் ஆல்ப்ஸுக்குப் போவது இயற்கையான ஆசை அல்ல; அது ஒரு விடுதிக்காரரின் காலி அறைகளிலிருந்து பிறந்தது. செயின்ட் மோரிட்ஸில் விடுதி வைத்திருந்த யோஹானஸ் பாத்ருட், 1864-இல் கோடை முடிந்து ஊர் திரும்ப இருந்த ஆங்கில விருந்தினர்களிடம் ஒரு பந்தயம் கட்டினாராம்: குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவு என்னுடையது. வந்தவர்கள் ஈஸ்டர் வரை நகரவில்லை என்பது அந்த ஊரார் சொல்லும் கதை. செலவு யாருடையது என்ற கேள்வி அதற்குப் பிறகு எந்த விடுதியிலும் எழவில்லை.

எந்த வாரம் போவது? இங்கேதான் திட்டமியல் வானியலோடு கலக்கிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய், நோன்புக்கு முந்திய கார்னிவல் திருவிழாவின் கடைசி நாள். அது பிப்ரவரி 3 முதல் மார்ச் 9 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். பவேரியா போன்ற பகுதிகளில் பள்ளிகள் அந்த வாரத்தை ஒட்டி விடுமுறை விடுகின்றன. விடுமுறை விட்டதும் குடும்பங்கள் மலைக்குக் கிளம்புகின்றன. கிளம்பியதும் அறை வாடகை ஏறுகிறது. ஆக, நிலா நகர்ந்தால் கட்டில் விலை நகர்கிறது. பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறிக்கும் நம்மைப் பார்த்து யாராவது சிரித்தால் இந்தப் பத்தியைப் படித்துக்காட்டலாம்.

இதோடு விடவில்லை. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலமாகப் பிரித்து வெவ்வேறு வாரத்தில் விடுமுறை விடுகிறது. சுவிஸ் மாநிலங்கள் ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு ஒரு விளையாட்டு விடுமுறை வைத்திருக்கின்றன. இங்கிலாந்துக்குப் பிப்ரவரி நடுவில் ஒரு வாரம். ஆஸ்திரியாவின் கதை தனி ரகம். 1974-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பள்ளிக் கட்டடங்களைச் சூடாக்கும் எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று பிப்ரவரியில் ஒரு வாரம் பள்ளிகளை மூடினார்கள். பெயரே ஆற்றல் விடுமுறை. நெருக்கடி போய்விட்டது, விடுமுறை தங்கிவிட்டது. எண்ணெயை மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்த வாரத்தில் இப்போது குடும்பம் குடும்பமாகக் காரில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்.

புத்தாண்டுக் கூட்டம் இறங்கிப்போய், பிப்ரவரிக் கூட்டம் ஏறிவருவதற்குள் ஓர் இடைவெளி உண்டு. ஜெர்மன் பேசுவோர் அதை 'ஜனவரிப் பொந்து' என்கிறார்கள். பண்டிகைச் செலவில் பையில் விழுந்த பொந்தையும் சேர்த்துத்தான். எனவே,

விலையும் கூட்டமும் விழையார் ஆயின்
தையே தகுநாள் என்மனார் புலவர்.

இது நானே யாத்த நூற்பா. தோழனின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை பிப்ரவரியில் என்பதால் இதைப் பின்பற்ற முடியவில்லை. இலக்கணமும் வழக்கும் முரணினால் வழக்கே வெல்லும்.

இடம்

உயரமான ஊரில் பனி நிச்சயம். தாழ்வான ஊரில் மரங்கள் நிச்சயம். மரம் எதற்கு என்று நானும் கேட்டேன். மேகம் இறங்கி வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும் நாளில், எது சரிவு, எது சமம் என்று கண்ணுக்குச் சொல்ல அங்கங்கே நிற்கும் கறுப்பு மரம் ஒன்றுதான் துணை. மரமில்லாத உயரத்தில் அப்படி ஒரு நாளில் நான் நின்றுகொண்டிருப்பதாக நினைத்து நகர்ந்துகொண்டிருந்தேன். நகர்வது தெரிந்தது வேலியைத் தொட்ட பிறகு.

சரிவுகளுக்கு நிறம் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா வழக்கில் 25 சதவீதம் வரை நீலம், 40 வரை சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை ஒன்று வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்நாடு காட்டும் கருணை. இந்தச் சதவீதத்தில் ஒரு பொறி இருக்கிறது. நூறு சதவீதம் என்றால் செங்குத்து அல்ல, 45 பாகை. பள்ளத்தாக்கிலிருந்து மியூரனுக்கு 2024 டிசம்பரில் திறந்த கேபிள் காரின் சரிவு 159 சதவீதம் என்று தோழன் பெருமையோடு சொன்னான். "நூற்றுக்கு மேலே போனால் பின்பக்கமாச் சாயுமா?" என்று மனைவி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 58 பாகை. விடை தெரிந்த பிறகு அவள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஊருக்கு மேலே 2,970 மீட்டரில் ஷில்ட்ஹார்ன். சுழலும் உணவகம் அங்கே இருக்கிறது. 1969-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றை அங்கே எடுத்தார்கள். செர்மாட்டைக் கைவிட மனைவி சம்மதித்தது இந்த ஒரு செய்தியால்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் கேலிக்கு இடமில்லை. டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை அளவு. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துக் குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். குறியிட்ட பாதைக்குள்ளேயே என்னால் இருக்க முடியவில்லை என்பது வேறு. நான் வெளியேறியது அதிகபட்சம் இரண்டு மீட்டர்.

அணியும் கருவியும்

பனிச்சறுக்குக் காலணியை பூட்ஸ் என்று அழைக்கிறோம். ஒருமையில் பூட்டு என்றே சொல்லலாம். உள்ளே போன கால் தானாக வெளியே வராது. கணுக்காலை அசையவிடாத கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, நான்கு கொக்கி, உள்ளே ஒரு மெத்தை. அளவைச் சென்டிமீட்டரில் கேட்பார்கள். நம் ஊர்ச் செருப்புக் கடை எண் இங்கே செல்லாது. பாதத்தைத் தரையில் வைத்துக் குதிகால் முதல் பெருவிரல் வரை அளந்து, இருபத்தாறரை என்று சொல்ல வேண்டும். குளிருமே என்று நான் இரண்டு காலுறை போட்டேன். இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிர்ந்தது. மெல்லிய ஒற்றைக் காலுறை போதும் என்பதைக் கடைப்பெண், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல் மூன்று மொழியில் சொன்னாள்.

பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு இணைக்கும் பிடிப்பான் இன்னும் தத்துவார்த்தமானது. இயல்பாக இருக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். விழும்போது விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடவேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் தரம் ஆகியவற்றை ஒரு படிவத்தில் நிரப்பினால் அட்டவணை பார்த்து அந்த எண்ணைத் திருகி வைப்பார்கள். படிவம் நிரப்பும் இடத்தில் மனைவி பக்கத்தில் நின்றாள். தோழனும் அவன் மனைவியும் பின்னால் நின்றார்கள். எடை என்ற கட்டத்தில் என் பேனா சற்றுத் தயங்கியது உண்மை. எண் தவறினால் ஒன்று, நடக்கும்போதே பலகை கழன்றுவிடும். அல்லது விழுந்த பிறகும் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

எடையும் அகவையும் ஒளியாது உரைத்தல்
முழங்கால் உடையோர் கடன்என மொழிப.

உடையைப் பொறுத்தவரை முன்னோடி ஆராய்ச்சி 1894 மார்ச் மாதம் நடந்தது. செய்தவர் ஆர்தர் கோனன் டாய்ல். நோயுற்ற மனைவியோடு டாவோஸில் தங்கியிருந்தார். ஷெர்லாக் ஹோம்ஸை ரைஷன்பாக் அருவியில் தள்ளிவிட்ட கதை அச்சாகி மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. அந்த ஊர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்கள் வழிகாட்ட, மலைக்கணவாய் தாண்டி டாவோஸிலிருந்து அரோசாவுக்கு ஸ்கீயில் போனார். செங்குத்தான ஓரிடத்தில் பலகை கைவிட்டுப் போக, மிச்ச மலையைப் பின்புறத்தால் இறங்கினார். தேயவே தேயாது என்று தையற்காரர் உறுதி கொடுத்த ஹாரிஸ் டுவீட் கால்சட்டை, கணவாய் முதல் அரோசா வரை வழி நெடுகத் தங்கிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இன்றைய நீர்புகாத் துணியில் அந்தச் சோதனையை நான் திரும்பச் செய்தேன். துணி தேறியது.

பலகை ஏன் வழுக்குகிறது என்பதும் கேட்கத்தக்கதே. பௌடன், ஹியூஸ் என்னும் இருவர் 1939-இல் வெளியிட்ட ஆய்வு, உராய்வின் வெப்பத்தில் பனி மெலிதாக உருகி நீர்ப்படலமாகிறது, பலகை அதன்மேல் மிதந்து போகிறது என்று விளக்கியது. சோதனைகள் நடந்தது மியூரனிலிருந்து அதிகம் தள்ளியில்லாத யுங்ஃப்ராவ்யோக் ஆய்வு நிலையத்தில். நீர்ப்படலத்தை எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றி அவர்கள் அக்கறைப்படவில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுக்க முயன்றது தோழனின் ஒன்பது வயது மகள். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். அந்த வடிவத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் பீட்சா. நான் வேகமாக இறங்கிவருவதைப் பார்த்து, "மாமா, பீட்சா! பீட்சா!" என்று அலறினாள். மதியச் சாப்பாட்டை இப்போதே ஏன் முடிவு செய்கிறாள் என்று யோசிப்பதற்குள் அவளையும் கடந்து போயிருந்தேன்.

உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-இல் பத்து நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. முன்னால், அதாவது கீழே, போகிறவருக்கே முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகிப் போகவேண்டும். நம் நெடுஞ்சாலைப் பேருந்துகளின் மரபுக்கு முற்றிலும் மாறானது. பத்தாவது விதிப்படி, மோதிக்கொண்டவர்கள் பெயர், முகவரி பரிமாறிக்கொள்ள வேண்டும். ஆறு நாளில் எனக்கு நான்கு நாட்டு நண்பர்கள் கிடைத்தார்கள்.

ஏற்றம்

இறங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஏறுவதில் இருக்கிறது துன்பம். டி வடிவ இழுப்பான் என்று ஒன்று. தலைகீழாகத் தொங்கும் டி எழுத்து. பக்கத்துக்கு ஒருவராக அதன் குறுக்குக்கம்பை இடுப்புக்குக் கீழே கொடுத்து நிற்க வேண்டும். கம்பி வடம் மேலே இழுத்துக்கொண்டு போகும். 1934-இல் டாவோஸில் இதன் முன்னோடியை நிறுவியவர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்னும் பொறியாளர். பார்ப்பதற்கு ஊஞ்சல் பலகை மாதிரி இருக்கிறது. ஆகவே நம் பண்பாட்டில் வளர்ந்த எவரும் அதில் உட்காருவார். உட்கார்ந்தேன். அது உட்காருவதற்கு உரியது அல்ல, சாய்வதற்குக்கூட அல்ல, இழுக்கப்படுவதற்கு மட்டும். மறுபக்கம் நின்றிருந்த மனைவியும் என்னோடு வந்தாள். திருமண நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தரையில் அமர்ந்தது அன்றுதான்.

"ஏங்க, அதான் உட்காரக் கூடாதுன்னு பலகையில படம் போட்டிருக்கே!"

"படம் ஜெர்மன்ல இருந்துச்சு" என்றேன். வாதத்தில் ஓட்டை இருப்பது பின்னர் தெரிந்தது.

அளவியல்

இனி இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இதில் சறுக்குதல் என்ற செயல் எவ்வளவு? என் தரவு செல்லாது என்பதால், நன்றாகச் சறுக்கும் தோழனை அளவெடுத்தேன். ஒரு சுற்று: வரிசையில் 7 நிமிடம், லிஃப்டில் 9, இறக்கம் 6, மற்றவர்கள் வந்து சேரும்வரை மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்றல் 8, ஆக 30 நிமிடம். காலை பத்து முதல் மூன்றரை வரை ஐந்தரை மணி. இதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, கழிப்பறைக்கு அரை மணி. கழிப்பறை பெரிதல்ல, அதற்கு முன்னும் பின்னும் கழற்றி மாட்டும் படலங்கள் பெரிது. மிச்சம் நான்கு மணியில் எட்டுச் சுற்று. எட்டு இறக்கத்துக்கு 48 நிமிடம். ஆறு நாளைக்கு 4 மணி 48 நிமிடம். மொத்த வாரத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு.

இந்த எண்ணைத் தோழனிடம் காட்டியபோது அவன் முகம் மாறியது. "இதையெல்லாம் கணக்குப் போடக் கூடாதுடா" என்றான். அறிவியல் வரலாற்றில் இப்படிச் சொல்லப்பட்ட முதல் ஆள் நான் அல்ல.

எஞ்சிய தொண்ணூற்றேழு சதவீதத்தில் பெரும்பங்கு சுமப்பது. பலகை நாம் எண்ணியதைவிடக் கனம். தோளில் வைத்தால் திரும்பும்போது பின்னால் வருகிறவரின் கன்னத்தில் தட்டும். கையில் பிடித்தால் கத்தரிக்கோல் போல் விரியும். அதற்கடுத்த பங்கு தேடுவது. ஆறு பேருக்குப் பன்னிரண்டு கையுறை இருந்தால் காலையில் பதினொன்றுதான் இருக்கும். மூன்றாவது பங்கு சாப்பாடு. இதைப் பற்றித் தனி நூலே எழுதலாம். ஃபாண்டுச் சட்டியில் ரொட்டித் துண்டைத் தவறவிட்டவருக்கு என்ன தண்டனை என்பதில் மேசைக்கு மேசை பாடபேதம் உண்டு. சட்டியின் அடியில் பிடித்திருக்கும் காந்தலுக்குப் பிரெஞ்சு பேசுவோர் துறவுப் பெண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு நடக்கும் அடிதடியில் துறவு எதுவும் தென்படவில்லை.

கடைசி நாள் மதியம் சரிவுக்கு நடுவில் இருந்த ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம். ரோஸ்டி வந்தது, துருவிய உருளைக்கிழங்கை அடை மாதிரி தட்டி, இரண்டு பக்கமும் முறுக விட்டு, மேலே முட்டை. அருமையாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்க வேண்டும். அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஏப்ரனில் கை துடைத்தபடி ஒருவர் வந்தார்.

"அண்ணை, நீங்கள் இந்தியாவோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்றுக்குப் பிறகு இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை கொடுத்தது உணவக அடுக்களைதான். இவர் வந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ரோஸ்டியின் இரகசியத்தைக் கேட்டேன். "கிழங்கை முதல் நாளே அவிச்சு ஆறவிட வேணும் அண்ணை. அண்டைக்கு அவிச்சு அண்டைக்கே துருவினால் களியாப் போகும்" என்றார். இந்த எட்டு மாத ஆய்வில் நான் கண்ட திட்டமிடல்களில் நினைத்தபடி முடிந்தது இது ஒன்றுதான்.

"நீங்க சறுக்குவீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நானோ அக்கா? விசரே எனக்கு? லீவு கிடைச்சால் வீட்டுக் கதவைச் சாத்திப்போட்டு நல்லாப் படுத்து நித்திரை கொள்ளுவன்."

மார்மட்டைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். பிறகு, துறை சார்ந்தவர் ஆயிற்றே என்று என் அளவியல் கண்டுபிடிப்பை அவரிடம் விளக்கினேன். 168 மணி, அதில் 4 மணி 48 நிமிடம். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டார். மனத்துக்குள் கழித்துப் பார்த்தார்.

"அப்ப மிச்சம் 163 மணித்தியாலம் 12 நிமிசத்துக்கும் சேர்த்தே காசு குடுத்தனீங்கள்?"

தோழன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். உள்ளே யாரோ மணியடிக்க அவர் போய்விட்டார். போன கையோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய்த்தூள் வந்தது.

கடைசி லிஃப்ட் நான்கு மணிக்கு. அப்போது மணி மூன்று இருபது. நாற்பது நிமிடம் இருக்கிறதே, இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள். நான் மேசைக்கடியில் குனிந்து, சாப்பிடும்போது தளர்த்தி வைத்திருந்த வலது பூட்ஸின் முதல் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். மாட்டியது. இரண்டாவதும் மாட்டியது. மூன்றாவது மாட்டும்போது முதலாவது திறந்துகொண்டது. நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்று நாற்பத்தைந்து. இடது கால் இன்னும் பாக்கி.